கேட்பவனின் கடன்

பருத்திப்பட்டு ஏரிக்கரை இப்போது மாலை நடைக்கு உரிய இடமாகிவிட்டது. 2019ஆம் ஆண்டில் கரையைச் சீர்செய்து, நடைபாதை அமைத்து, பூங்காவாகத் திறந்தார்கள். ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லி செல்லும் சாலையில் போவோர் வருவோரும், பிள்ளைகளை அழைத்து வரும் தாய்மாரும், மருத்துவர் நடக்கச் சொன்னார் என்று நடக்கும் நம்மைப் போன்ற முதியவர்களும் அங்கே கூடுவதுண்டு. அக்கூட்டத்தை நம்பித் துணி விரித்து, ஊசியும் பாசியும் மணிமாலையும் பரப்பி அமரும் நரிக்குறவப் பெண்களும் உண்டு. ஆண்டுக்கணக்காக அவர்களைக் கடந்து நடந்திருக்கிறோம். நின்று பேசியதில்லை.

நம் தங்கை மகள் முதுகலை பயில்கிறாள். போரினால் ஊர் பெயர்ந்த ரோமா மக்களின் அனுபவங்களைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுத முனைந்திருந்தாள். ஐரோப்பாவுக்குச் சென்று அம்மக்களைக் காண அவளுக்கு வழியில்லை. நூல்களை வைத்து எழுதுமுன், இடம்பெயர்ந்த மரபினர் ஒருவரிடமேனும் நேரில் அமர்ந்து கேட்டுப் பழகி வா என்று அவளுடைய பேராசிரியை சொல்லியிருந்தார். “நரிக்குறவர்களும் ரோமாக்களும் ஒரே கூட்டம் என்று சிலர் எழுதியிருக்கிறார்களே மாமா, இவர்களிடமே கேட்டால் என்ன?” என்றாள். துணைக்கு நாமும் போனோம்.

மணி விற்ற மூதாட்டி எழுபதைக் கடந்தவர். வினாத்தாளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நம்மைப் பார்த்து, “எழுதிக்கினு போறவங்க நெறைய பேரு வந்தாங்க சாமி. என்னா எழுதுனோம்னு ஒருத்தரும் வந்து படிச்சுச் சொன்னதில்ல” என்றார். வினாத்தாளை மடித்துப் பையில் வைத்த பிறகுதான் பேசினார். பேச்சு எப்படியோ பழைய காலத்துக்குப் போயிற்று. “எங்க முப்பாட்டனுக்கு முப்பாட்டன் காலத்துல பெரிய சண்டை. சிவாஜி ராஜா பட்டாளத்துல எங்காளுங்க இருந்தாங்க. தோத்துப் பூட்டாங்க. துலுக்கப் பட்டாளம் தொரத்திச்சு. பொம்பளைங்க புள்ளைங்களோட காட்டுக்குள்ள ஓடி...” அவ்வளவில் அவர் பார்வை நம் தங்கை மகளின் முக்காட்டில் நின்றது, பிறகு நம் தலைத் தொப்பியில் நின்றது. “அது கெடக்கட்டும் பாய், பழைய கதை. பாப்பாவுக்கு மணி வாங்கிக் குடு” என்று முடித்துவிட்டார். அதுவரை ‘சாமி’யாக இருந்த நாம் ஒரு நொடியில் ‘பாய்’ ஆனோம்.

வீடு திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: “அந்தப் பாதிக் கதையை எழுதலாமா மாமா?”

நாம் உடனே விடை சொன்னோம். மொகலாயப் படைக்கும் நமக்கும் என்னம்மா தொடர்பு? நாம் இம்மண்ணின் தமிழ் முஸ்லிம்கள். கப்பலோட்டியும் கடை வைத்தும் உழுதும் நெய்தும் வாழ்ந்த மரக்காயர், இராவுத்தர், இலெப்பைமார் வழியினர். ஔரங்கசீபின் தளபதிகள் செய்ததற்கு நாம் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? தவிரவும் அது ஏட்டில் இல்லாத கதை. இவ்வாறெல்லாம் சொன்னோம். சொன்னதில் பொய்யில்லை. ஆயினும் அன்றிரவு எண்ணிப் பார்க்கையில் ஒன்று உறுத்திற்று. அந்த விடை அத்துணை விரைவாக நம் நாவில் வந்திருக்கக் கூடாது.

கதையின் உண்மை பொய்யை ஆராய்வது வேறு காரியம். நரிக்குறவர் தம்முள் பேசும் வாக்ரிபோலி, குஜராத்திக்கு நெருங்கிய இந்தோ ஆரிய மொழி. ஆகவே அவர்கள் மேற்கிந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு அவர்களுடைய நாவே சான்று. சிவாஜி 1677இல் செஞ்சியைக் கைக்கொண்டதும், பின்னர் அவர் மைந்தர் இராஜாராம் அக்கோட்டையில் அடைக்கலம் புகுந்ததும், ஔரங்கசீபின் தளபதி ஜுல்பிகார் கான் 1690 முதல் எட்டாண்டுக் காலம் முற்றுகையிட்டு 1698இல் அதைப் பிடித்ததும் சரித்திரம். அந்தப் போரில் சிதறியவர்களுள் இவர்களுடைய முன்னோரும் இருந்தனரா, அல்லது வேட்டைக்கும் வாணிகத்துக்குமாகத் தெற்கே நகர்ந்த கூட்டம், பிற்காலத்தில் தன் அலைச்சலுக்கு ஒரு பெருமைக்குரிய காரணத்தைத் தேடிக்கொண்டதா என்பதைத் தீர்த்துச் சொல்ல ஆவணம் இல்லை. ஆனால் அம்மூதாட்டி ஆவணத்தைச் சொல்லவில்லை. தம் பாட்டியிடம் கேட்டதைச் சொன்னார். நம்மைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். நம் மனம் நோகாதிருக்கத் தம் நினைவை விழுங்கினார். நாமோ, அந்தப் பெருந்தன்மையைக் கூடக் கவனியாமல் நம்மைக் குற்றமற்றவராக்கும் வேலையில் இறங்கினோம்.

இவ்வேலை எப்படியிருக்கும் என்பதை அதன் மறுபக்கத்திலிருந்தும் நம்மவர் அறிவார்கள். 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30ஆம் நாள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகும்படி ஆணையிட்டார்கள். தலைமுறைகளாக ஈட்டிய பணமும் நகையும் வழியிலேயே பறிக்கப்பட்டன. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் குடிசைகளில் அவர்கள் கழித்த ஆண்டுகளை, அங்கு உறவினர் உள்ள நம் குடும்பங்கள் கடிதங்கள் வழியே அறிந்தன. அக்கதையைத் தமிழ் நண்பர்களிடம் எடுத்துரைத்தபோது நமக்குக் கிடைத்த முதல் மறுமொழி யாது? “அது இயக்கத்துப் பையன்கள் செய்தது, தமிழ் மக்கள் செய்ததன்று.” இதுவும் பொய்யில்லை. சொன்னவர்களுள் பலர் தாமே வீடிழந்தவர்கள். கும்மிடிப்பூண்டி முகாமிலும் புழல் முகாமிலும் தம் பிள்ளைகளை வளர்த்தவர்கள். எனினும் அம்மறுமொழியைக் கேட்ட நம்மவர் நெஞ்சில் ஒரு கதவு சாத்தப்பட்டது. கேட்பவன் தன்னை விடுவித்துக்கொள்வதற்காகப் பேசுகிறான் என்று தெரிந்தபின் சொல்பவன் மேலே என்ன சொல்வான்?

வடபுலத்து முஸ்லிம்களின் இழப்பை முறையாகப் பதிந்தவர்களுள் முதன்மையானவர் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் புவியியல் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ். மன்னார்ப் பகுதியைச் சேர்ந்தவர். 2018இல் மறைந்தார். தாமே வேரறுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர், அச்சமூகத்தின் வீடுகளையும் நிலங்களையும் கணக்கிட்டார். அவரை எவரும் ‘எழுதிக்கொண்டு போகிறவர்’ என்று எண்ணியிருக்க முடியாது. எழுதிய பிறகும் அவர் அவர்களிடையேதான் இருந்தார். எல்லா மக்களுக்கும் இத்தகைய ஒருவர் வாய்ப்பதில்லை.

ரோமா மக்களுக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. அவர்களை ஐரோப்பியர் ‘ஜிப்சி’ என்றார்கள். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்ற தவறான எண்ணத்தில் பிறந்த பெயர் அது. தண்ணீருக்குப் ‘பானி’ என்றும் மூக்குக்கு ‘நாக்’ என்றும் அவர்கள் வழங்குவதைக் கொண்டு, அம்மொழி இந்தியாவிலிருந்து சென்றது என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் அறிஞர்கள் கண்டார்கள். நரிக்குறவர்க்கும் அவர்களுக்கும் உள்ள உறவு, இரண்டும் இந்தோ ஆரிய மொழிகள் என்னுமளவுக்கு உண்மை. அதற்கு மேல் இரத்த உறவு பேசுவது கற்பனை. (‘நரிக்குறவர்’ என்பதும் நாம் இட்ட பெயரே, அவர்கள் தம்மை வாக்ரி என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.)

இங்கே நம் சரித்திர நூல்களிலிருந்து ஒரு காட்சியை வாசகர்கள் நினைவுகூர வேண்டும். சிந்துவெளிப் பக்கத்திலிருந்து ஈராக்கின் சதுப்பு நிலங்களுக்குச் சென்று எருமை மேய்த்து வாழ்ந்த ஸுத்து என்னும் கூட்டத்தார், அப்பாஸிய கலீஃபா முஃதஸிமின் ஆட்சியில் கிளர்ச்சி செய்து தோற்றார்கள். ஹிஜ்ரி 220ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 835இல், அவர்களைப் படகுகளில் ஏற்றி பாக்தாதின் வழியே கொண்டு சென்றார்கள். தம் வழக்கப்படி கொம்பூதிக்கொண்டு அவர்கள் செல்ல, கலீஃபா தம் படகிலிருந்து பார்வையிட்டார். ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக 27,000 பேர், அவர்களுள் போர் செய்யத்தக்கவர் 12,000 பேர் என்று இமாம் தபரீ பதிந்திருக்கிறார். பின்னர் அவர்களை ரோமானிய எல்லையிலிருந்த ஐன் ஸர்பாவில் குடியேற்றினார்கள். ஹிஜ்ரி 241இல் பைஸாந்தியப் படை அங்கே புகுந்து, பெண்டு பிள்ளைகளோடும் எருமைகளோடும் அவர்களைப் பிடித்துச் சென்றது. ரோமாக்களின் முன்னோர் இவர்களே என்று சென்ற நூற்றாண்டுகளில் சிலர் வாதித்தார்கள். இன்றைய மொழியறிஞர் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. அது எப்படியாயினும் ஆகுக. எண்ணிக்கை இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, எருமைகள் கூட இருக்கின்றன. அப்படகுகளில் இருந்த ஒருத்தியின் சொல் இல்லை. கொம்பின் ஓசை மகிழ்ச்சியினால் எழுந்ததா, ஆணையினால் எழுந்ததா என்பதையும் கரையில் நின்றவர் எழுதியதைக் கொண்டே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

கேளாமல் எண்ணியதன் குறை இது. கேட்டும் கெடுத்ததன் கதை ஜெர்மனியில் நடந்தது. நாஜிகளின் ஆட்சியில், 1936இல், ராபர்ட் ரிட்டர் என்னும் மருத்துவரின் தலைமையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. சிந்தி, ரோமா குடும்பங்களிடையே சென்று, பாட்டன் பெயர், பாட்டி பெயர், தலையின் சுற்றளவு, கண்ணின் நிறம் எல்லாம் குறித்தார்கள். ஏறத்தாழ 24,000 பேரைப் பற்றித் தனித்தனியே அறிக்கை எழுதினார்கள். அவ்வறிக்கைகளே பின்னர் முகாம்களுக்கு அனுப்புவதற்கு வழிகாட்டின. ரிட்டரின் உதவியாளர் ஈவா ஜஸ்டின் என்ற பெண்மணி. அவருக்கு ரோமானி மொழி தெரியும். அம்மொழியிலேயே பேசிச் சிரித்து, அம்மக்களின் நம்பிக்கையைப் பெற்றார். முல்ஃபிங்கன் என்ற ஊரின் கத்தோலிக்கக் குழந்தைகள் இல்லத்தில் இருந்த சிந்திக் குழந்தைகளை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்தார். ஆய்வு முடியும்வரை அக்குழந்தைகளை நாடு கடத்தாமல் வைத்திருந்தார்கள். பட்டம் கிடைத்தது. 1944 மே மாதத்தில் 39 குழந்தைகளை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். உயிர் தப்பியவர் நால்வர்.

ரிட்டரையும் ஜஸ்டினையும் எந்த நீதிமன்றமும் தண்டிக்கவில்லை. இருவரும் போருக்குப் பின் ஃபிராங்ஃபர்ட் நகரின் சுகாதாரத் துறையில் பணி பார்த்தார்கள். அவர்கள் திரட்டிய ஏடுகளோ ஆராய்ச்சிப் பொருளாகக் கைமாறிக்கொண்டிருந்தன. 1981 செப்டம்பரில் சிந்தி மக்கள் சிலர், முகாமிலிருந்து மீண்ட முதியவர்களும் அவர்களுள் இருந்தனர், ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தின் ஆவணக் கிடங்கில் புகுந்து அமர்ந்து, அவ்வேடுகளை அரசு ஆவணக் காப்பகத்துக்கு மாற்றச் செய்தார்கள். தம் பாட்டியின் பெயர் எழுதிய தாளைத் திரும்பக் கேட்பதற்கு அவர்கள் முப்பத்தாறு ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே, 1982 மார்ச்சில், நடந்தது இனப்படுகொலை என்று மேற்கு ஜெர்மன் பிரதமர் ஹெல்முட் ஷ்மிட் ஒப்புக்கொண்டார்.

நம் நாட்டிலும் நாடோடிகளைத் தேடிச் சென்ற முதல் எழுதுகோல் காவல் நிலையத்தினுடையதே. 1871இல் ஆங்கில அரசு இயற்றிய குற்றப் பரம்பரையினர் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட்டது. பெயர், கைரேகை, இரவில் எங்கே படுத்தான் என்பது வரை பதிவேட்டில் ஏறின. 1952 ஆகஸ்ட் 31ஆம் நாள் அச்சட்டம் நாடெங்கும் நீங்கியது, ஐயம் நீங்கவில்லை. நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்தான். வேட்டைக்குக் காட்டில் வழி அடைபட்டு, ஊசி பாசியை நம்பி, சாதிச் சான்றிதழுக்காகத் தலைமுறைக் கணக்கில் அலுவலகப் படியேறிய மக்கள், வினாத்தாளைக் கண்டு முகம் திருப்பினால் அது அறியாமையா, அனுபவமா?

நம் தங்கை மகள் படித்துக்காட்டிய செய்தி ஒன்று நம்மை இன்னும் ஆழமாகத் தைத்தது. கொசோவோவில் 1999ஆம் ஆண்டுப் போர் முடிந்தவுடன், ஜூன் மாதத்தில், மித்ரோவிட்சா நகரில் இபார் ஆற்றங்கரையிலிருந்த ரோமாக்களின் குடியிருப்பு சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 8,000 பேர் வாழ்ந்த இடம். செர்பியருக்குத் துணை நின்றார்கள் என்பது அவர்கள்மேல் சாட்டிய பழி. எரித்தவர்கள் அல்பானியர். அவ்விரு சாராருள்ளும் பெரும்பாலோர் முஸ்லிம்கள். வீடிழந்தவர்களுள் சில நூறு பேரை ஐக்கிய நாடுகளின் நிர்வாகம் ஈயச் சுரங்கக் கழிவுகளின் அருகே முகாமிட்டுத் தங்க வைத்தது. சில நாட்களுக்கு என்று சொன்ன முகாம் பத்தாண்டைக் கடந்தது. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியது. அவர்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2004இல் சொல்லியும் ஆண்டுகள் ஓடின. ஐக்கிய நாடுகளின் நிர்வாகம் அம்மக்களின் உரிமைகளை மீறியது என்று அந்நிர்வாகத்தின் கீழமைந்த மனித உரிமை ஆலோசனைக் குழுவே 2016இல் முடிவு கூறியது. அக்குழந்தைகளின் இரத்தத்தை ஆய்ந்தவர்கள் பலமுறை வந்தார்கள். அளவு குறித்தார்கள். போனார்கள்.

பால்கன் முஸ்லிம்களின் துயரத்தை நம் பத்திரிகைகள் அந்நாளில் பக்கம் பக்கமாக எழுதின, எழுத வேண்டியதே. அதே மண்ணில் அவர்களால் துரத்தப்பட்ட, கலிமாச் சொன்ன ரோமாக்களைப் பற்றி நாம் ஒரு வரியும் படித்ததாக நினைவில்லை. துன்புற்றவர் வேறொருவருக்குத் துன்பம் இழைத்தவராகவும் இருக்கக்கூடும் என்ற பக்கம் வரும்போது நம் வாசிப்பு தடுக்கி விழுகிறது. ஏரிக்கரையில் நாம் விழுந்ததும் அதே இடத்தில்தான்.

திருமறையின் ஹுஜுராத் அத்தியாயத்தில் அடுத்தடுத்து வரும் மூன்று வசனங்களை இவ்விடத்தில் எண்ணிப் பார்த்தோம். பதினோராவது, பிறரை இழிபெயரிட்டு அழைப்பதை விலக்குகிறது. பன்னிரண்டாவது, துருவி ஆராய்வதை, தஜஸ்ஸுஸை, விலக்குகிறது. பதின்மூன்றாவது, ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே மனிதர் இனங்களாகவும் குலங்களாகவும் ஆக்கப்பட்டனர் என்கிறது. துருவாதே என்ற விலக்கலுக்கும் அறிந்துகொள் என்ற ஏவலுக்கும் இடையே ஒரேயொரு வசனத்தின் தூரம். ஈவா ஜஸ்டினும் ஹஸ்புல்லாஹ்வும் கேட்ட கேள்விகளை அருகருகே வைத்தால் பல ஒன்றாகவே இருக்கும்: குடும்பத்தில் எத்தனை பேர், எங்கே பிறந்தாய், தந்தை யார். வேற்றுமை கேள்வியில் இல்லை. விடை எங்கே போகிறது, யாருக்குப் பயன்படுகிறது, சொன்னவருக்கு அதன்மேல் என்ன உரிமை மிஞ்சுகிறது என்பதில் இருக்கிறது.

ஹதீஸ் கலை வல்லார் அறிவிப்பாளர் தொடரைப் பேணியது போல வேறெவரும் பேணியதில்லை என்று நாம் பெருமை கொள்கிறோம். சொன்னவரின் பெயரும் நேர்மையும் தெரியாத செய்தியை அவர்கள் எளிதில் ஏற்கமாட்டார்கள். ஆனால் அகதியின் சொல்லில் பெயரை வெளியிடுவதே சிலவேளை அவருக்குத் தீங்காகிவிடும். அங்கே பெயரை நெஞ்சில் வைத்துப் பூட்டுவதுதான் அமானிதம். இவ்விரண்டும் முரண்படுவதாக நமக்குத் தோன்றவில்லை. சொன்னவரை மதித்ததனால்தான் அங்கே பெயர் எழுதப்பட்டது. அதே மதிப்பினால் இங்கே மறைக்கப்படுகிறது.

இதையெல்லாம் சொன்னபோது நம் தங்கை மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி மாமா, அந்தப் பாட்டியிடம் திரும்பிப் போக வேண்டாமா?” என்றாள். நாம் மூன்று வசனம் கடந்து வந்த இடத்துக்கு அவள் நேர்வழியில் வந்திருந்தாள்.

இரு வாரம் கழித்துப் போனோம். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தாள்; ‘துலுக்கப் பட்டாளம்’ என்ற சொல்லையும் மாற்றவில்லை. நிறுத்திய இடத்தில், கேட்டவர்கள் முஸ்லிம்கள் என்று கண்டதும் நிறுத்தினார் என்றே எழுதியிருந்தாள். ஏரிக்கரைச் சுவரில் அமர்ந்து அதை உரக்கப் படித்தாள். மூதாட்டி மணி கோப்பதை நிறுத்தாமல் கேட்டார். முடிந்ததும், “அப்பிடித்தான் எங்க பாட்டி சொல்லுவா” என்றார். பிறகு மீதிக் கதையையும் சொன்னார்: ஓடிய பெண்கள் படைவீரர் கண்ணில் படாதிருக்க மேனியில் அழுக்கேற விட்டதும், குளிப்பதை விட்டதும், அதைப் பார்த்து ஊரார் பிற்காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டதும். சொல்லிவிட்டு, முதல் நாள் தாம் சொன்னவற்றுள் ஒரு வரியை அடித்துவிடச் சொன்னார். அது போரைப் பற்றியதன்று. அடித்துவிட்டாள். அது எது என்பதை நாமும் இங்கே எழுதவில்லை. மற்றவற்றை எழுத அவரிடம் கேட்டுக்கொண்டோம்.

“அந்த ஊர்ல கீற எங்காளுங்க மாதிரி சனங்க, அவங்களுக்கு இப்ப வீடு இருக்கா பாப்பா?” என்று கேட்டார். சிலருக்கு இருக்கிறது, பலருக்கு இல்லை என்றாள். தலையை ஆட்டிக்கொண்டார். அவள் நீலப் பாசிமாலை ஒன்றை எடுத்து விலை கேட்டாள். நூறு ரூபாய் என்றார். நாம் எண்பதுக்குக் கேட்டுப் பார்த்தோம். குறைக்கவில்லை.